மெஷின் ஐஸ்

அந்த வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் ஒரு சிவப்புக் கோடு உண்டு. வயரைச் சுற்றுகிற இன்சுலேஷன் டேப்தான். மேலே ஃப்ரீசரில் தொடங்கி, தட்டுத் தட்டாக இறங்கி, அடியில் காய்கறி வைக்கிற டிராயர் வரைக்கும் நூல் பிடித்த மாதிரி ஓடும். ஒட்டியவன் பெரியவன். லிஃப்ட் மெக்கானிக். அவன் பையில் சாப்பாடு இல்லாத நாள் உண்டு, டேப் இல்லாத நாள் கிடையாது. கோட்டுக்கு இடது பக்கம் அவன் குடும்பத்துக்கு, வலது பக்கம் தம்பி சின்னவன் குடும்பத்துக்கு. இந்தப் பக்கத்துக் கீரைத்தண்டு ஒரு விரற்கடை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் போதும், அன்றைக்குச் சமையலறையில் பாத்திரங்கள் பேச ஆரம்பித்துவிடும்.

ஒரே வீடு, ஒரே சமையலறை, இரண்டு அடுப்பு. மூன்று வருடமாக அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. பேச வேண்டியதைச் சுவரிடம் சொல்வார்கள். கேட்க வேண்டியவன் கேட்டுக்கொள்வான். அம்மா ஒரு வாரம் பெரியவன் அடுப்பில் சாப்பிடுவாள், ஒரு வாரம் சின்னவன் அடுப்பில். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுடைய தட்டும் டம்ளரும் இந்த மேடையிலிருந்து அந்த மேடைக்குப் போகும்.

சண்டைக்குக் காரணமே இந்த ஃப்ரிட்ஜ்தான். இதற்கு முன்னால் ஒரு பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் இருந்தது. பதினேழு வருடம் அதைப் பெரியவன் தன் கையாலேயே ஓட வைத்திருந்தான். அதன் ஒவ்வொரு ஸ்க்ரூவும் அவனுக்கு அத்துப்படி. வேலை விஷயமாக அவன் நாலு நாள் வெளியூர் போயிருந்த சமயம், ஃப்ரிட்ஜ் கடையில் விற்பனையாளனாக இருக்கும் சின்னவன், ஒரு வார்த்தை கேட்காமல் பழையதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு இந்தப் புதியதை இறக்கிவிட்டான். இரண்டு கதவு, தண்ணீர்க் குழாய் இணைப்பு, தானாக ஐஸ் செய்து தானாகக் கொட்டும் மெஷின். எல்லாரும் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்ததாகச் சின்னவன் சொல்கிறான். தன்னையே வீட்டிலிருந்து தூக்கிப் போட்ட மாதிரி இருந்ததாகப் பெரியவன் சொல்கிறான். இரண்டும் உண்மையாக இருக்கலாம். அதைப் பற்றி இருவரும் உட்கார்ந்து யோசித்ததில்லை.

டேப் ஒட்டிக்கொண்டே வந்த பெரியவன் ஓர் இடத்தில்தான் திணறினான். ஃப்ரீசரின் கூரையில், நட்ட நடுவில், ஐஸ் மெஷின் தொங்கியது. அதற்குக் கீழே ஐஸ் வந்து விழுகிற வாளி. வாளியை எப்படி இரண்டாக வெட்டுவது? வேறு வழியில்லாமல் அதை மட்டும் விட்டுவிட்டுக் கோட்டைத் தொடர்ந்தான். ஆக அந்த வீட்டில் இருவருக்கும் பொதுவாக மிஞ்சியது வாசல் கதவு, அம்மா, ஐஸ். அவ்வளவுதான்.

பொதுவில் இருந்தால் வம்பு வராமல் இருக்குமா? ஞாயிற்றுக்கிழமைதோறும் சின்னவனுடைய கடை நண்பர்கள் வந்து, மாடியில் உட்கார்ந்து, ஜூஸ் என்ற பெயரில் எதையோ குடித்து, வாளியை வழித்துத் துடைத்துவிட்டுப் போவார்கள். இது தெரிந்து பெரியவன் சனிக்கிழமையே ஒரு பையில் ஐஸை அள்ளித் தன் பக்கத்தில் பதுக்குவான். அதற்கு ஒரு சண்டை நடக்கும். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனுக்கு வெறுத்துவிட்டது. வேலை முடிந்து வந்தவன் கைகூடக் கழுவவில்லை. நேராகச் சமையலறை சிங்குக்கு அடியில் குனிந்து, மெஷினுக்குப் போகும் தண்ணீர்க் குழாயின் வெள்ளைத் திருகைப் பிடித்து இறுக்கி மூடினான். இந்த ஞாயிறு உன் கூட்டாளிங்க வெந்நீர் குடிக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு எழுந்தான். நாற்பத்தாறு வயது ஆள் செய்கிற காரியமா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு ருசியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாதிக் கூட்டத்திலேயே வாளி காலியாகி, நண்பர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள். பெரியவன் வாசலில் நின்று, செருப்பு மாட்டும் வரை பார்த்து, வழியனுப்பினான்.

திங்கட்கிழமைதான் விஷயம் வேறு மாதிரி திரும்பியது. அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி. ஐந்து வாரமாகத் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொண்டு வருகிறாள். அதுவரை தாக்குப்பிடித்த வாய் அன்று வெந்துபோயிற்று. நாக்கெல்லாம் புண். எச்சில் விழுங்கினாலே கண்ணில் தண்ணீர் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "ஐஸ் துண்டை வாயில வச்சு உறிஞ்சிக்கிட்டே இருக்கட்டும். எரிச்சலுக்கு இப்போதைக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது," என்றார். புண் ஆறும் வரை கரண்டையும் நிறுத்திவைத்தார்.

பெரியவன் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சிங்குக்கு அடியில் போய்த் திருகைத் திறந்தான். மூன்று மணி நேரத்துக்குள் ஐஸ் விழ வேண்டும். விழவில்லை. செவ்வாயும் விழவில்லை. புதனும் விழவில்லை.

தட்டில் தண்ணீர் ஊற்றி உறைய வைக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். வைத்தார்கள். வினையே அங்கேதான். பெரிய மருமகள் தன் பக்கத்தில் ஒரு தட்டு வைத்தாள். சின்ன மருமகள் தன் பக்கத்தில் ஒரு தட்டு வைத்தாள். செவ்வாய் காலை அம்மா பெரியவளுடைய கிண்ணத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். சின்னவள் மத்தியானம் வரை மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். "எங்க ஐஸ்ல விஷமா கலந்திருக்கோம்?" என்று அடுப்பிடம் கேட்டாள். பயந்துபோய் அம்மா மத்தியானம் சின்னவளுடைய கிண்ணத்திலிருந்து எடுத்தாள். அந்த நிமிடமே பெரியவள் குக்கர் மூடியைத் தரையில் போட்டாள். "இந்த வாரம் நம்ம முறைதானே? அப்புறம் எதுக்கு அங்க கை நீளுது?" என்றாள். புதன் காலை இரண்டு கிண்ணமும் ஒன்றாகக் கட்டிலுக்குப் போயின. அம்மா இரண்டையும் பார்த்தாள். கஷ்டப்பட்டு வாயைத் திறந்து, "மெஷின் ஐஸ் வந்தா குடுங்க. இல்லன்னா வேணாம்," என்றாள். உதட்டை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மெஷின் ஐஸ் யாருடைய ஐஸும் இல்லை. அதை வாயில் போட்டால் யாரும் மூக்கை உறிஞ்ச முடியாது. இந்த நியாயம் பெரியவனுக்குப் புரிய ஒரு பகல் ஆயிற்று.  தண்ணீர் இல்லாமல் மூன்று நாள் மெஷின் வெறுமனே சுற்றியிருக்கிறது. உள்ளே எதுவோ எரிந்து போயிருக்கிறது. எரித்தது அவன்தான். அம்மா வாயில் எரிவதும் அவன் வைத்த நெருப்புதான்.

"கம்பெனி ஆளைக் கூப்பிடலாமே," என்றாள் பெரியவள்.

"வேணாம்," என்றான் பெரியவன். அதே நொடியில் சமையலறை வாசலிலிருந்து, "வேணாம்," என்று சின்னவன் குரலும் வந்தது. மூன்று வருடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. தனக்கு ஏன் வேண்டாம் என்பது பெரியவனுக்குத் தெரியும். வருகிறவன், 'தண்ணியை யாருங்க மூடினது?' என்று எல்லார் முன்னாலும் கேட்டுவைப்பான். தம்பிக்கு ஏன் வேண்டாம் என்று அவன் அப்போது யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, கருவிப் பையைச் சமையலறையில் விரித்தான். சின்னவனுக்கும் அன்று வார விடுமுறை. அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஃப்ரிட்ஜோடு வந்த கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். காவலுக்கு. அண்ணன் தன் பக்கத்து ஃப்ரிட்ஜில் ஏதாவது பண்ணிவிட்டால்?

அம்மாவின் கட்டில் அடுத்த அறையில், கதவுக்கு நேரே கிடந்தது. கதவு எப்போதும் திறந்தே இருக்கும். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

பெரியவனுடைய வேலைக்கு ஒரு முறை உண்டு. லிஃப்ட் நின்றுவிட்டால் சக ஆட்கள் எல்லாம் மோட்டார் அறைக்கு ஓடுவார்கள். அவன் ஓட மாட்டான். வருவது எங்கிருந்து வருகிறதோ அங்கே தொடங்கி, ஒரு படிகூடத் தாண்டாமல் தொட்டுக்கொண்டே போவான். அப்படிப் போனால் பழுது தானாக வந்து காலில் இடறும் என்பான். இருபது வருடத்தில் அது அவனைக் கைவிட்டதில்லை.

முதலில் குளிர். ஃப்ரீசருக்குள் விட்ட தெர்மாமீட்டர் சரியாகக் காட்டியது. அடுத்து தண்ணீர். சிங்குக்கு அடியில் குனிந்து, ஏதோ புதிதாகப் பார்ப்பவன் போலத் திருகைத் தொட்டான். "திறந்துதான் இருக்கு," என்று சிங்கிடம் சொன்னான்.

"இப்போ திறந்துதான் இருக்கும்," என்றான் சின்னவன் கையேட்டைப் பார்த்தபடி.

அந்த 'இப்போ' பெரியவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதைக் கிளறினால் தன் பக்கம்தான் நாறும் என்று விட்டுவிட்டான்.

ஃப்ரிட்ஜை இழுத்து முன்னால் கொண்டுவந்தான். பின்பக்கம் மெல்லிய வெள்ளைக் குழாய். திருகை மூடி அதைக் கழற்றி, பக்கெட்டில் பிடித்து, மறுபடி திறந்தான். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பாதி பக்கெட்டில், பாதி தரையில். பெரியவள் துடைப்பான் துணியோடு வந்து, "மூணு வருஷமா தொடாத சாமானை இன்னிக்கு என்னத்துக்கு அக்கக்கா பிரிக்கிறீங்களோ," என்று கரித்துக்கொட்டிக்கொண்டே துடைத்தாள். ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தான். அடைப்பு இல்லை. தண்ணீரை உள்ளே விடும் வால்வில் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தான். முள் அசைந்தது. அதுவும் நல்லாத்தான் இருந்தது.

"நாலாவது," என்று சின்னவன் கையேட்டிலிருந்து சத்தமாகப் படித்தான், "'மெஷினுக்குள் தண்ணீர் விழும் குழாய் உறைந்திருக்கிறதா எனப் பார்க்கவும்.' சிலருக்குப் படிக்க வராது. கேட்டாவது தெரிஞ்சுக்கலாம்."

"ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னு தெரியாதவனெல்லாம் ஃப்ரிட்ஜ் விக்கிறான்," என்று பெரியவன் வால்விடம் சொன்னான். "வாங்கிட்டுப் போறவன் கதி என்னாகுமோ."

"விக்கிறவன் யாரு வீட்டு ஃப்ரிட்ஜையும் பதினேழு வருஷம் நோண்டிக்கிட்டு இருக்கல."

"கேக்காம தூக்கிக் கொடுக்காமயும் இருந்திருக்கலாம்."

"வந்துட்டாருப்பா அந்தப் பேச்சுக்கு. எங்கடா இன்னும் வரலையேன்னு பார்த்தேன்."

பெரியவன் பல்லைக் கடித்துக்கொண்டு, மனைவியின் ஹேர் டிரையரை வாங்கி, ஃப்ரீசருக்குள் தலையை விட்டு, தண்ணீர் விழும் குழாய்க்குச் சூடு காட்டினான். இடது தோள் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒட்டியிருந்தது. வலது கை மடக்கி நெஞ்சோடு சேர்ந்திருந்தது. தம்பி பக்கத்தில் டப்பாக்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. அதில் ஒன்றில் அவன் முழங்கை இடித்ததும், "எங்க பக்கம், எங்க பக்கம்!" என்று சின்னவள் வெளியிலிருந்து குரல் கொடுத்தாள். அவள் கண் எங்கே இருந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. கால் மணி நேரம் சூடு காட்டியும் குழாயிலிருந்து ஒரு சில்லுகூட உதிரவில்லை. மெஷினின் அச்சில் விரலை விட்டுப் பார்த்தான். காய்ந்து கிடந்தது. தண்ணீர் வாசல் வரை வருகிறது, உள்ளே வரமாட்டேன் என்கிறது.

மத்தியானம் ஆயிற்று. தரையில் ஸ்க்ரூக்கள், குழாய், ஃபில்டர், மூடி. எல்லாப் படியும் தொட்டாயிற்று. எந்தப் படியும் இடறவில்லை. பெரியவன் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டான். இருபது வருட வேலையில் இப்படி உட்கார்ந்ததில்லை. அம்மாவின் அறையிலிருந்து கரண்டியால் டம்ளரைத் தட்டும் சத்தம் வந்தது. பேச முடியாமல் போனதிலிருந்து அவள் கூப்பிடுவது அப்படித்தான். பெரியவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "வாயில ஊத்தின தண்ணி வெளியில வழியுது. விழுங்க முடியல," என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் அவனுக்கு அழுகை வந்தது. அழாமல் இருப்பதற்காகக் கோபப்பட்டான்.

"அந்தப் புத்தகத்தை இங்க கொடு," என்றான். மூன்று வருடத்தில் முதல் தடவையாகத் தம்பியின் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"நான்தான் படிக்கிறேன்ல."

"நாலாவதுல இருந்து படிச்ச. அதுக்கு முன்னால மூணு இருக்கும்ல?"

சின்னவன் கையேட்டை மூடினான். "அது சும்மா, சாதாரண விஷயம்."

பெரியவன் எழுந்து அதைப் பிடுங்கினான். ஒரு முனை இவன் கையில், ஒரு முனை அவன் கையில், அட்டை மட்டும் கிழிந்து சின்னவனிடம் தங்கியது. ஐஸ் விழாவிட்டால் என்ற பக்கத்தைப் பெரியவன் தேடிப் பிடித்தான். முதல் வரியை எழுத்துக் கூட்டிப் படிப்பவன் போல நிதானமாகப் படித்தான். 'மெஷினின் வலது பக்கம் உள்ள கம்பி கீழே இறங்கியிருக்கிறதா எனப் பார்க்கவும். கம்பி மேலே தூக்கியிருந்தால் வாளி நிரம்பிவிட்டதாகக் கொண்டு மெஷின் நின்றுவிடும்.'

வலது பக்கம். கோட்டுக்கு அந்தப் பக்கம். வருகிற வழி முழுக்க ஒரு படி தாண்டாமல் தொட்டுவந்தவன், ஒட்டியது தன் டேப் என்பதால், அந்த ஒரு சாணுக்குள் மட்டும் கையை விடவில்லை. தொடக் கூடாத இடம் என்று அவனே போட்ட கோடு.

"டப்பாவை எடு," என்றான்.

"எதுக்கு?"

"எடுடா."

சின்னவள் ஓடிவந்தாள். "அதெல்லாம் ஒரு ஒழுங்கா அடுக்கி வச்சிருக்கேன், யாரும் கலைக்க வேணாம்." சின்னவன் அவளைப் பார்த்து, நகரச் சொல்லித் தலையை ஆட்டினான். அவனே ஒவ்வொரு டப்பாவாக எடுத்துத் தரையில் வைத்தான். முன்வரிசை போயிற்று. இரண்டாவது வரிசை போயிற்று. கடைசியில் பச்சைப் பட்டாணி டப்பா ஒன்று தெரிந்தது. அதன் மூடிமேல் ஒரு வளைந்த கம்பி, தூக்கிய கை மாதிரி, மேலே நின்றுகொண்டிருந்தது.

மூன்று பேரும் ஃப்ரீசருக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"திங்கட்கிழமை கடைக்குப் போயிட்டு வந்து நான்தான் அடுக்கினேன்," என்றாள் சின்னவள். குரல் இறங்கியிருந்தது. "அந்தக் கம்பி என்னன்னே எனக்குத் தெரியாது."

"ஞாயித்துக்கிழமையே வாளி காலியாச்சு," என்றான் பெரியவன். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் அவனுக்குத் தலைக்கு ஏறியது. தான் மூடிய திருகையும், அம்மாவையும்கூட அந்த நிமிடம் மறந்துபோனான். "அப்போ பட்டாணி வரல. அதுக்கு முன்னாலயே இதை ஒரு கை தூக்கியிருக்கு. அது எந்தக் கை?"

சின்னவனுடைய முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஆமா, நான்தான். சனிக்கிழமை தூக்கினேன். நீங்க பையில அள்ளி அள்ளிப் பதுக்குறதுக்கு இனிமே ஐஸே வேணாம்னு தூக்கினேன். அம்மாவுக்கு வேணும்னு டாக்டர் சொன்னதும் திங்கட்கிழமை மத்தியானமே இறக்கிட்டேன். இறக்கினதைப் பட்டாணி டப்பா மறுபடி தூக்கினது எனக்கு எப்படித் தெரியும்? ஐஸ் வரல. என்னாலதான் கம்பி வளைஞ்சு கெட்டுப்போச்சுன்னு மூணு நாளா எனக்குச் சோறு இறங்கல."

"உன்னாலதான்டா!"

"அப்படியா?" சின்னவன் சிங்குக்கு அடியில் சட்டென்று உட்கார்ந்தான். வெள்ளைத் திருகைக் காட்டினான். அதன்மேல் கறுப்பாக, வரி வரியாக, ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. "இந்த வீட்டுல லிஃப்ட் கிரீஸ் யாரு கையில இருக்கு? அண்ணி கையிலயா? அம்மா கையிலயா?"

பெரியவன் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தான். காலையிலிருந்து எத்தனையோ தடவை அந்தத் திருகைத் தொட்டிருக்கிறான். தன் ரேகையைத் தானே பார்க்கவில்லை.

"இதைக் காலையிலேயே பார்த்துட்டேன்," என்றான் சின்னவன். "எவ்வளவு நேரம் உத்தமன் வேஷம் போடுறீங்கன்னு பார்ப்போம்னுதான் உட்கார்ந்திருந்தேன்."

"அம்மா வாய் வெந்து கிடக்கு, நீ வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்திருக்க."

"நீங்க மட்டும்?"

பெரியவன் தம்பியின் சட்டையைப் பிடித்தான். சின்னவன் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தான். பெரியவள் துடைப்பான் துணியோடு நடுவில் புகுந்தாள். ஒரு ஸ்க்ரூ காலில் குத்தி யாரோ கத்தினார்கள். அப்போது அடுத்த அறையிலிருந்து கரண்டி டம்ளரில் பட்டது. ஒரே ஒரு தட்டு. இருவரும் கையை எடுத்துவிட்டார்கள்.

 பெரியவன் குழாயை மாட்டினான், ஃபில்டரை மாட்டினான், மூடியை மாட்டினான். சின்னவன் பட்டாணி டப்பாவை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, கம்பியை இறக்கினான். ஃப்ரிட்ஜ் சுவரோடு சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே தண்ணீர் இறங்கும் மெல்லிய சத்தம் கேட்டது. பெரியவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். எரியவில்லை. எதுவும் எரிந்துபோகவில்லை. மூன்று நாளாக மார்பில் உட்கார்ந்திருந்த பாரம் அந்தச் சத்தத்தில் கொஞ்சம் நகர்ந்தது.

முதல் ஈடு ஐஸ் விழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. இருவரில் ஒருவரும் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒருவன் போனால் மற்றவன் மறுபடி எதையாவது தூக்குவான், எதையாவது மூடுவான் என்ற பயம்தான் காரணம், பாசம் ஒன்றும் இல்லை. தடதடவென்று வாளியில் விழுந்ததைப் பார்த்ததும் பெரியவன் கையை நீட்டினான்.

"முதல் ஈட்டைக் கொட்டிடணும்," என்றான் சின்னவன் சுவரைப் பார்த்து. "குழாயைக் கழட்டி மாட்டியிருக்கு. அழுக்கு இருக்கும். புத்தகத்துல போட்டிருக்கு."

பெரியவனுக்கு அதைக் கேட்க மனமில்லை. ஆனால் சரியான பேச்சு. வாளியைச் சிங்கில் கவிழ்த்தான். திரும்ப இரண்டு மணி நேரம். சாயங்கால வெயில் சமையலறை ஜன்னலில் வந்து போயிற்று. இரண்டாவது ஈடு விழுந்தது. பிறை மாதிரி வளைந்த சின்னச் சின்னத் துண்டுகள். பெரியவன் கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு முன்னால் போனான். சின்னவன் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான்.

அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள்.

"யாரு தட்டு?" என்றாள். நாக்கு தடித்திருந்ததால் வார்த்தைகள் குழறி வந்தன.

"தட்டு இல்லம்மா. மெஷின் ஐஸ்."

"யாரும் கை வைக்காததா?"

 கிண்ணம் பெரியவன் கையில் சில்லிட்டது.

"வெள்ளிக்கிழமை நீ சிங்குக்கு அடியில குனிஞ்சதைப் பார்த்தேன்," என்றாள் அம்மா. விட்டு விட்டுப் பேசினாள். "சனிக்கிழமை அவன் ஃப்ரீசருக்குள்ள கையை விட்டதையும் பார்த்தேன். இங்க படுத்துக்கிட்டு எனக்கு வேற என்ன வேலை?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?" என்றான் பெரியவன். "திங்கட்கிழமையே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"யாரைச் சொல்ல? உன்னைச் சொன்னா நான் அவன் பக்கம். அவனைச் சொன்னா உன் பக்கம்." அவள் எச்சிலை விழுங்கினாள். முகம் சுருங்கி விரிந்தது. "எரிஞ்சா எரியட்டும்னு விட்டுட்டேன்."

"அண்ணன்தாம்மா முதல்ல..." என்று சின்னவன் தொடங்கினான்.

அம்மா உதட்டை மூடிக்கொண்டாள். கிண்ணத்தைப் புறங்கையால் தள்ளினாள். திரும்பிச் சுவரைப் பார்த்தாள். இனி இந்த ஐஸும் யாருடையதோ ஆகிவிட்டது என்பது பெரியவனுக்கு விளங்கியது. கிண்ணத்தின் அடியில் தண்ணீர் சேர ஆரம்பித்திருந்தது. தம்பி பக்கத்திலேயே நின்றான். அவன் காதில் விழும்படி இதைச் சொல்வதைவிட நாலு மாடி லிஃப்ட் கயிற்றில் தொங்கலாம் என்று இருந்தது.

"ஆமாம்மா," என்றான். "முதல்ல மூடினது நான்தான். வேணும்னே மூடினேன்."

அம்மா திரும்பவில்லை. காத்துக்கொண்டிருந்தாள். சின்னவன் கரண்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். மறுபடியும் மாற்றினான்.

"தூக்கினது நான்," என்றான் கடைசியில். "நானும் வேணும்னேதான்."

அம்மா திரும்பி, வாயைத் திறந்தாள். பெரியவன் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு குனிந்தான். ஐந்து வாரமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவன் ஒருநாள்கூட அந்த வாய்க்குள் பார்த்ததில்லை. இப்போது பார்த்தான். நாக்கு தோல் உரித்த மாதிரி சிவந்திருந்தது. கன்னத்தின் உட்புறம் வெள்ளை வெள்ளையாகப் புண். இதை வைத்துக்கொண்டுதான் நாலு நாள் அவள் யார் பக்கமும் சாயாமல் படுத்திருந்தாள். துண்டு அவன் விரலிலிருந்து நழுவிப் படுக்கையில் விழுந்தது. சின்னவன் கரண்டியில் இன்னொன்றை எடுத்து நீட்டினான். பெரியவன் கரண்டியை வாங்கி, துண்டை மெதுவாக அவள் நாக்கில் வைத்தான். அம்மா கண்ணை மூடினாள். மூச்சு நீளமாக வெளியே வந்தது.

"போங்க ரெண்டு பேரும்," என்றாள், ஐஸை நாக்கில் வைத்தபடியே.

வெளியே வந்ததும் சின்னவன் சுவரைப் பார்த்து, "ஒத்துக்கிட்டா உடனே பெரிய மனுஷன் ஆயிடலாம்னு சிலருக்கு நினைப்பு," என்றான்.

பெரியவனிடம் பதில் தயாராக இருந்தது. பழைய ஃப்ரிட்ஜிலிருந்து தொடங்கிப் பட்டாணி வரைக்கும், மூன்று வருடத்துப் பதில். வாயைத் திறந்தான். உள்ளே அம்மா ஐஸ் துண்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றும் சத்தம் கேட்டது. திறந்த வாயை அவன் மூடிக்கொண்டான்.